குடையோடு கனசாவாவுக்கு: சிங்கப்பூர்ப் பயணிகளுக்கான வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் செல்லும் தமிழ்க் குடும்பங்களில் பல, தோக்கியோ, ஒசாகா, கியோத்தோ ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகின்றன. இன்னும் மூன்று நாள் ஒதுக்க முடிந்தவர்கள் கனசாவாவைச் சேர்த்துக்கொள்ளலாம். இஷிகாவா மாநிலத்தின் தலைநகரான இந்நகரில் ஏறத்தாழ 460,000 பேர் வாழ்கிறார்கள். பெரும்பகுதியை நடந்தே பார்த்துவிடலாம் என்பதால் முதியவர்களோடும் பிள்ளைகளோடும் செல்வோருக்கு வசதியான அளவு.

முதலில் முடிவு செய்ய வேண்டியது பயண மாதம். கனசாவா ஜப்பான் கடலை ஒட்டி இருக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட காற்று, வெதுவெதுப்பான அக்கடலைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொண்டு, நகரத்துக்குப் பின்னால் நிற்கும் மலைகளில் மோதி மழையாகவும் கனத்த பனியாகவும் கொட்டுகிறது. இடி முழக்கத்துக்குப் பழகிய நமக்குக்கூட, பனி விழும்போது இடி இடிப்பது புதுமையாகத்தான் இருக்கும். “சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே” என்று அவ்வட்டாரத்தார் சொல்வது வேடிக்கைக்காக அன்று. ஜூன் பள்ளி விடுமுறையின் பிற்பகுதியில் சென்றால் அங்கு மழைக்காலம் தொடங்கியிருக்கும். ஆகவே, ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியதும் நவம்பர் பிற்பகுதியில் செல்வதே நல்லது என்பது என் கருத்து. இலைகள் சிவந்திருக்கும், நண்டுப் பருவமும் தொடங்கியிருக்கும்.

சாங்கியிலிருந்து தோக்கியோவுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம். அங்கிருந்து ககயாக்கி எனும் விரைவு ஷின்கான்சென் ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கனசாவாவை அடைகிறது. அதில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்குரியவை. 2015 மார்ச்சில் கனசாவாவரை வந்த இப்பாதை, 2024 மார்ச்சில் சுருகாவரை நீண்டது. அதனால் ஒசாகாவிலிருந்து வருவோர் இப்போது சுருகாவில் இறங்கி ரயில் மாற வேண்டும். பெரிய பெட்டிகளோடு வருவோர் அதற்கேற்ப நேரம் விட்டுக்கொள்வது நல்லது.

வந்து சேர்ந்ததும் வரைபடத்தில் இரண்டு ஆறுகளைத் தேடுங்கள். தெற்கே சாய் ஆறு, வடக்கே அசானோ ஆறு. இரண்டுக்கும் நடுவே நீண்டு வரும் மேட்டின் நுனியில் கோட்டை நிற்கிறது. நகரத்தின் வரலாறு முழுவதும் அந்த நுனியைச் சுற்றியே நடந்தது. 1488இல் பௌத்த விசுவாசிகளும் உழவர்களும் எழுந்து அப்போது காகா எனப்பட்ட இவ்வட்டாரத்தின் ஆளுநரை வீழ்த்தி, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தம் கையிலேயே ஆட்சியை வைத்திருந்தார்கள். அவர்கள் 1546இல் ஆலயம் எழுப்பிய அதே மேட்டில், பின்னர் கோட்டை வந்தது. 1583இல் மயேதா தொஷீயே எனும் படைத்தலைவர் அங்கே குடியேறினார். அவருடைய வழிவந்தவர்களின் நிலம் பத்து லட்சம் கொக்கு நெல் விளைவிக்கும் வளம் பெற்றது. ஒரு கொக்கு என்பது ஒருவருக்கு ஓராண்டுக்குப் போதுமான அரிசி. இவ்வளவு செல்வம், நாடு முழுவதையும் ஆண்ட தோக்குகாவா ஆட்சியாளர்களின் சந்தேகத்தைக் கிளப்பாமலிருக்க, மயேதாக்கள் அதைப் படைகளில் போடாமல் பட்டுச்சாயம், அரக்குவேலை, தேநீர்க்கலை ஆகியவற்றில் போட்டார்கள் என்பர். இரண்டாம் உலகப் போரிலும் குண்டுவீச்சுக்குத் தப்பியதால் பழைய வளைந்த தெருக்கள் அப்படியே இருக்கின்றன. வழி தவறுவது உறுதி. பதற்றம் வேண்டாம், எப்படியும் ஏதாவது ஓர் ஆற்றங்கரையில் போய் நிற்பீர்கள்.

நடையைக் கென்ரோக்குஎன் தோட்டத்தில் தொடங்குங்கள். கட்டணம் தொடங்கும் முன்னரே, அதிகாலையில் இலவசமாக உள்ளே விடுகிறார்கள். ஆனால் நுழைவுச்சீட்டு நேரத்துக்கு முன் வெளியேறிவிட வேண்டும். நவம்பர் 1ஆம் தேதி அங்கே மரங்களுக்குக் கயிறு கட்டும் வேலை தொடங்குகிறது. அடிமரத்தையொட்டி உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து வைக்கோல் கயிறுகளைக் கீழே விடுகிறார்கள். கீழே நிற்பவர்கள் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகக் கட்டி இழுத்து நிறுத்துகிறார்கள். ஈரம் நிறைந்த அப்பனியின் கனத்தில் கிளை முறியாதிருக்கவே இந்த ஏற்பாடு. குளத்துக்கு வரும் தண்ணீரையும் கவனியுங்கள். 1631இல் கோட்டையில் தீப்பிடித்ததை அடுத்து, 1632இல் சாய் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த நீர் அது. தோட்டத்து நீரூற்றுக்கு விசைப்பொறி கிடையாது. மேலேயுள்ள குளத்தின் நீரழுத்தமே அதைப் பீய்ச்சுகிறது.

எதிரே கோட்டையின் இஷிகாவா வாசல், 1788இல் எழுந்தது. மற்ற பெரும்பகுதி 1881 தீயில் போய்விட்டது. இன்று காண்பவற்றில் பல மறுகட்டுமானங்கள். பக்கத்தில் 2004இல் திறந்த, கண்ணாடிச் சுவர் சூழ்ந்த வட்ட வடிவத் தற்காலக் கலை அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மாலையில் நாகமாச்சியின் மண்சுவர்ச் சந்துகளில் நடந்தால், சாமுராய் வீடுகளின் ஓரமாகக் கால்வாய் ஓடுவதைக் காணலாம்.

மறுநாள் அசானோ ஆற்றைத் தாண்டி, 1820இல் ஆட்சியாளரின் அனுமதியோடு அமைந்த ஹிகாஷி சாயா தேநீர்விடுதித் தெருவுக்குச் செல்லுங்கள். ஜப்பானின் தங்கத்தாளில் ஏறத்தாழ முழுவதும் கனசாவாவில்தான் தயாராகிறது. ஒரு தாளின் தடிமன், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மூங்கில் இடுக்கியால்தான் அதை எடுக்க முடியும், மூச்சுவிட்டால் பறந்துவிடும். சிறு பயிற்சிக்கூடங்களில் நீங்களே ஒட்டிப் பார்க்கலாம். தங்கத்தாள் சுற்றிய ஐஸ்கிரீமுக்கும் வரிசை நிற்கிறது. சுவையில் வித்தியாசம் எதுவும் இல்லை, படத்துக்கு அழகு.

ஒமிச்சோ சந்தை, நம் தேக்கா சந்தையைப்போல் ஊர்க்காரர்கள் அன்றாடம் கறிகாய் மீன் வாங்கும் இடம். காலையிலேயே போங்கள், வாங்கியதைத் தின்றுகொண்டு நடக்காமல் கடையருகே நின்று உண்டு முடியுங்கள். பெண் நண்டு நவம்பர் 6 முதல் டிசம்பர் இறுதிக்குள் மட்டுமே கிடைக்கும். பேருந்தில் பின்கதவால் ஏறி, இறங்கும்போது முன்னால் பணம் செலுத்த வேண்டும், சில்லறை வைத்திருங்கள்.

சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே திட்டமிடுவது அவசியம். காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் குழம்பிலும் மீன்சாறு, அதாவது தாஷி, கலந்திருக்கும். ஆகவே “இறைச்சி வேண்டாம்” என்பது போதாது. தாஷியும் வேண்டாம் என்று எழுதிக் காட்டுங்கள். சிராங்கூன் சாலையில் வாங்கும் உடனடி உப்புமாவும் ஊறுகாயும் கைகொடுக்கும். எந்த வடிவிலும் இறைச்சிப் பொருளைப் பெட்டியில் வைக்காதீர்கள், ஜப்பானுக்குள் கொண்டு செல்ல அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் கட்டுப்பாடு உண்டு, வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள்.