இளைஞர்களிடம் ஆண்மை பற்றிக் கள ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெக்கார்டரில் சார்ஜ் இல்லை, படிவத்தை மறந்துவிட்டேன் போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும். களத்துக்குப் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதை மட்டும் சொல்கிறேன்.

கூட்டத்தில் சொந்தக் கதை கேட்பது

வாலிபால் கிரவுண்டில் எட்டுப் பேர் கிடைப்பார்கள். ஒரே மணி நேரத்தில் எல்லாருடைய பேச்சும் கைக்கு வந்துவிடும். இந்த ஆசையில்தான் தப்பு நடக்கிறது. ஒரு கிராமத்தில், புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் கூட்டத்தில் வைத்தே, "கடைசியா எப்ப அழுதீங்க?" என்று கேட்டார். ஒருவன் மட்டும் உண்மையைச் சொன்னான்: காதலி பேச்சை நிறுத்தியபோது மொட்டை மாடியில் போய் அழுதானாம். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளே பட்டப்பெயர் வைத்தாயிற்று. அவன் கிரவுண்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். ஆய்வாளர் பஸ் ஏறிப் போய்விடலாம். அவன் அங்கேதானே இருந்தாக வேண்டும்? இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ரகசியம் காப்போம் என்று படிவத்தில் எழுதித் தருவது நாம்தான். மற்ற ஏழு பேர் அப்படி எந்த வாக்கும் தரவில்லை. தரவுக்கும் இது நஷ்டம்: அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரும் வீரத்தைத் தவிர வேறெதுவும் பேச மாட்டார்கள்.

கூட்டத்தில் ஊர் வழக்கத்தைக் கேளுங்கள்: "இங்க ஒரு பையன் அழுதா என்ன சொல்வாங்க?" அல்லது கற்பனைப் பையன் ஒருவனின் கதையைச் சொல்லி, "அப்புறம் அவன் என்ன செய்வான்?" என்று விட்டுவிடுங்கள். சொந்த விஷயமெல்லாம் தனிப் பேட்டிக்கு. அதையும் எதிரெதிரே நாற்காலி போட்டுக் கேட்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்தோ நடந்துகொண்டோ கேட்டால் பேச்சு வரும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்"

17 வயதுப் பையனிடம் இந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பேசத் தொடங்கும் முன்பே அவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அளவுகோலை மட்டும் நம்புவது

பிரேசிலில் உருவாகி 2008-இல் வெளியான 'ஜெம்' (GEM) அளவுகோல், ஆண்-பெண் சமத்துவம் பற்றி ஆண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கும் வாக்கியப் பட்டியல். அதில், பெண் அடிவாங்கத் தக்க நேரங்களும் உண்டு என்று ஒரு வாக்கியம் வரும். கல்லூரிப் பையன் எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று தெரிந்தே போடுவான்.

உதவி எண் இல்லாமல் போவது

போகாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ்: 14416.