தொகுதி வரலாறு எழுதும்போது சறுக்கும் இடங்கள்: நாகர்கோவிலும் கன்னியாகுமரியும்

"பொன். ராதாகிருஷ்ணன் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் இரண்டு முறை வென்றவர்." தேர்தல் வந்தால் இந்த வரியும் கூடவே வந்துவிடும். இரண்டு முறை மக்களவைக்குப் போனார் என்பது சரி. ஆனால் 1999-இல் அவர் வென்றது நாகர்கோவில் தொகுதியில், 2014-இல் வென்றது கன்னியாகுமரியில். 1999-இல் கன்னியாகுமரி என்ற பெயரில் மக்களவைத் தொகுதியே கிடையாது.

பெயர்தானே மாறியது என்று விட்டுவிட முடியாது, எல்லையும் மாறியது. 2004 வரை நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அதில் இல்லை. அது திருச்செந்தூர் மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. 2008 மறுசீரமைப்பில் திருவட்டாறு காணாமல் போனது, கன்னியாகுமரி உள்ளே வந்தது. இப்போதும் எண்ணிக்கை ஆறுதான். ஆறு ஆறாகவே இருப்பதால் பலருக்கும் மாற்றம் கண்ணில் படுவதில்லை. 2004 வாக்குகளையும் 2009 வாக்குகளையும் பக்கத்தில் வைத்து "இத்தனை ஆயிரம் கூடியது, குறைந்தது" என்று எழுதினால், ஒப்பிடுவது இரண்டு வேறு நிலப்பரப்புகளை.

எனவே எந்தத் தொகுதியை எடுத்தாலும் முதலில் எல்லை மாறிய ஆண்டுகளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முக்கியமான கோடுகள் 1957, 1967, 1977, 2009 தேர்தல்களுக்கு முன்னால் விழுகின்றன. மாநிலத்தின் மொத்த இடங்களும் இடையில் மாறின: 1957-இலும் 1962-இலும் 41, 1967 முதல் 39. ஒரே கட்டத்துக்குள் இருக்கும் தேர்தல்களை வாக்கு எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். கோட்டைத் தாண்டும்போது வென்றவர் பெயர், கட்சி, கூட்டணி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சட்டமன்றத் தொகுதி வாரியாகப் பிரித்துக் கூட்டி, இரண்டு கட்டங்களுக்கும் பொதுவான பகுதியை மட்டும் ஒப்பிடுவது ஒரு வழி. ஆனால் அந்தச் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையும் அதே மறுசீரமைப்பில் மாறியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பெயர் மாறாமலே ஏமாற்றுகிற இடங்களும் உண்டு. 2004 வரை இருந்த திருப்பத்தூர் மக்களவைத் தொகுதி வட மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் வரும் திருப்பத்தூர் சட்டமன்றத் தொகுதி வேறு ஊர். தேடலில் இரண்டும் கலந்து வரும், பட்டியலிலும் கலந்துவிடும். பொள்ளாச்சிக்கும் நீலகிரிக்கும் பெயர் அப்படியே இருக்கிறது. ஆனால் 2009-இல் பொள்ளாச்சி பொதுத் தொகுதியாகவும், நீலகிரி தனித் தொகுதியாகவும் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது) ஆயின. பெரம்பலூரும் அப்போதுதான் பொதுத் தொகுதியானது. ஆ. ராசா 2004-இல் பெரம்பலூரிலும் 2009-இல் நீலகிரியிலும் நின்றதற்கு இதைச் சொல்லாமல் "தொகுதி மாறினார்" என்று மட்டும் எழுதினால், வாசகர் வேறு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார்.

கட்சிப் பெயர்ப் பலகை

நாகர்கோவிலைப் பற்றி "ஆரம்பம் முதல் காங்கிரஸ் கோட்டை" என்று எழுதுவது அடுத்த பழக்கம். 1952-இல் அது சென்னை மாநிலத்திலேயே இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்தத் தேர்தலில் வென்ற நேசமணி நின்றது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில். அந்தக் கட்சி இந்திய தேசிய காங்கிரசை எதிர்த்து நின்ற கட்சி. குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-இல்தான். ஆகவே 1952 முடிவைத் தேடுகிறவர் சென்னை மாநில அட்டவணையில் தேடினால் கிடைக்காது. "அந்த ஆண்டு தேர்தல் நடக்கவில்லை போலிருக்கிறது" என்று தாண்டிப் போனவர்களும் உண்டு.

1957-இல் தாணுலிங்க நாடார், 1962-இலும் 1967-இலும் நேசமணி. இவை காங்கிரஸ் வெற்றிகள். நேசமணி மறைந்தபின் 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜர் வென்றார். அப்போது கட்சி இன்னும் உடையவில்லை. உடைந்தது அதே ஆண்டு நவம்பரில். எனவே 1969-இல் அவர் காங்கிரஸ், 1971-இல் ஸ்தாபன காங்கிரஸ் (பிளவில் இந்திராவை எதிர்த்த பிரிவு). இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டால் ஏதாவது ஓர் ஆண்டு தவறாகிவிடும்.

நாகர்கோவிலில் 1980 முதல் 1998 வரை ஆறு தேர்தல்களில் தொடர்ந்து வென்ற என். டென்னிஸின் விஷயமும் இப்படித்தான். முதல் நான்கு வெற்றி காங்கிரசுக்கு, 1996-ம் 1998-ம் தமிழ் மாநில காங்கிரசுக்கு, சைக்கிள் சின்னத்தில். "ஆறு முறை காங்கிரஸ்" என்று எழுதினால், 1996-இல் காங்கிரசை விட்டு வெளியேறி ஒரு புதிய கட்சியே உருவான கதை அந்த வரியில் புதைந்துபோகிறது. சிவகங்கையில் ப. சிதம்பரத்தின் 1996, 1998 வெற்றிகளுக்கும் இதே திருத்தம் தேவை. திண்டுக்கல்லில் மாயத்தேவர் இன்னும் நல்ல பாடம்: 1973 இடைத்தேர்தலிலும் 1977-இலும் அ.தி.மு.க., 1980-இல் தி.மு.க. ஆள் ஒருவரே, கட்சி இரண்டு.

சின்னம் தரும் குழப்பம் தனி. 2019-இல் விழுப்புரத்தில் வி.சி.க.வின் ரவிக்குமார், ஈரோட்டில் ம.தி.மு.க.வின் கணேசமூர்த்தி, நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியின் சின்ராஜ், பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சியின் பாரிவேந்தர் ஆகியோர் உதயசூரியன் சின்னத்தில் நின்றார்கள். தேர்தல் ஆணையக் கணக்கில் நால்வரும் தி.மு.க. 1977-இல் பல மாநிலங்களில் ஜனதா வேட்பாளர்கள் பாரதிய லோக் தளம் என்று பதிவாகியிருப்பதும் இதே காரணத்தால்தான். ஆணையத்தின் பெயரையே அட்டவணையில் வையுங்கள். உண்மையான கட்சியைக் குறிப்பில் போடுங்கள். இரண்டையும் கலந்தால் கூட்டுத்தொகை எந்தப் பட்டியலோடும் ஒத்துவராது.

வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது

இதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன், ஏனென்றால் எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், முடிவு மட்டும் தப்பாக வரும். கன்னியாகுமரியில் பா.ஜ.க.வின் ராதாகிருஷ்ணன் 2014-இல் 1,28,662 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2019-இல் காங்கிரசின் வசந்தகுமாரிடம் 2,59,933 வித்தியாசத்தில் தோற்றார். இந்த இரண்டு எண்களை வைத்து "பா.ஜ.க. செல்வாக்கு ஐந்தே ஆண்டில் சரிந்தது" என்று எழுதப்பட்டது. வாங்கிய வாக்குகளைப் பாருங்கள்:

2014: ராதாகிருஷ்ணன் 3,72,906, வசந்தகுமார் 2,44,244.
2019: வசந்தகுமார் 6,27,235; ராதாகிருஷ்ணன் 3,67,302.
2021 இடைத்தேர்தல்: விஜய் வசந்த் 5,76,037, ராதாகிருஷ்ணன் 4,38,087.
2024: விஜய் வசந்த் 5,46,248, ராதாகிருஷ்ணன் 3,66,341.

2014-க்கும் 2019-க்கும் இடையில் பா.ஜ.க. இழந்தது ஆறாயிரத்துக்கும் குறைவு. மாறியது எதிர்த்தரப்பு. 2014-இல் காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் எல்லாம் தனித்தனியே நின்ற ஐந்துமுனைப் போட்டி. 2019-இல் காங்கிரஸ், தி.மு.க., இடதுசாரிகள் ஒரே பக்கம். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, 2019-இல் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தும் பா.ஜ.க. வாக்கு ஏறவில்லை. அதே கூட்டணியோடு 2021-இல் எழுபதாயிரம் ஏறியது. அந்தக் கூட்டணி இல்லாத 2024-இல் மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. ஆகவே "கூட்டணிக் கணக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது. 2021-இல் சட்டமன்றத் தேர்தலும் அன்றே, ஏப்ரல் 6-ஆம் தேதியே நடந்தது. மக்களவைக்குக் காங்கிரசைத் தேர்ந்தெடுத்த அதே நாளில் நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதி பா.ஜ.க.வுக்கும், கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அ.தி.மு.க.வுக்கும் போயின. சட்டமன்ற முடிவைக் கூட்டி மக்களவை முடிவை ஊகிக்கிறவர்கள் இந்த ஒரு நாளை நினைவில் வைத்தால் போதும்.

மேலே உள்ள பட்டியலில் 2021 இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் இறந்ததால் வந்த இடைத்தேர்தல் அது. பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் வரிசையாக அடுக்கினால் 2021 விழுந்துவிடும், 1969-ம் விழுந்துவிடும், தென் சென்னையில் அண்ணா முதல்வரானதால் 1967-இலேயே முரசொலி மாறன் வந்த இடைத்தேர்தலும் விழுந்துவிடும். இதற்கு நேர்மாறான தவறு வேலூர். 2019 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அங்கே நடந்ததை இடைத்தேர்தல் என்று எழுதுகிறார்கள். ஏப்ரலில் ரத்தான பொதுத்தேர்தல்தான் அன்று நடந்தது. யாரும் பதவி இழக்கவில்லை, காலியிடமும் உருவாகவில்லை.

எண்களில் சில சின்னப் பொறிகள்

ஆறு சட்டமன்றத் தொகுதி வாக்குகளைக் கூட்டினால் வேட்பாளரின் மொத்த வாக்கு வராது. தபால் வாக்குகள் எந்தச் சட்டமன்றத் தொகுதிக்கும் போகாமல் மக்களவைத் தொகுதி அளவில் தனியாகச் சேர்கின்றன. வாக்குச்சாவடி வாரியான படிவம் 20-இன் கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருக்கும். பலர் கடைசிப் பக்கம் வரை போவதில்லை, "ஆணையக் கணக்கில் முரண்பாடு" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

நோட்டா வந்தது 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. மக்களவைப் பொதுத்தேர்தலில் முதல்முறை 2014. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாதவர் டெபாசிட் இழப்பார். அந்தக் கணக்கில் நோட்டா சேராது. வாக்குச் சதவீதம் போடும்போது நோட்டாவைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டு, எல்லா ஆண்டுக்கும் அதையே பின்பற்றுங்கள்.

1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன; 1961 சட்டம்தான் அவற்றை ஒழித்தது. 1957-இல் சிதம்பரம் அப்படியொன்று. இளையபெருமாள் அங்கிருந்து வென்ற இருவரில் ஒருவர். இங்கே இரண்டாவது பெயரைத் "தோற்றவர்" கட்டத்தில் போட்டுவிடும் அட்டவணைகளைப் பார்க்கலாம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு இருந்ததால், பதிவான வாக்குகளை வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் நூறு சதவீதத்தையே தாண்டக்கூடும். அப்படி ஓர் எண் வந்தால் தட்டச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள், அந்தத் தொகுதிக்கு எத்தனை இடங்கள் என்று பாருங்கள்.