செயலியை வாங்குமுன் சாக்கெட்டைப் பாருங்கள்

குறைந்த செலவில் மேசைக்கணினி அமைப்போர் பெரும்பாலும் கணினியின் மூளையான செயலியின் (சிபியு) விலையை ஒப்பிடுவதோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் சில ஆண்டுகள் கழித்து முதன்மைப் பலகையான மதர்போர்டையும் ராம் நினைவகத்தையும் மாற்றாமல் செயலியை மட்டும் மாற்ற முடியுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, போர்டில் செயலி பொருந்தும் இடமான சாக்கெட்தான். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் முதல் தலைமுறை ரைசன் செயலி வாங்கியவர்களில் பலரால், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பின், 2022-இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியை அதே போர்டில் பொருத்த முடிந்தது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டோ 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு நின்று, 2024-இல் எல்ஜிஏ 1851-க்கு வழிவிட்டது.

ஆகவே, புதிதாக அமைப்பவர் ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 5 7500எஃப் போன்ற ஆறு கோர் செயலியுடன் தொடங்கலாம் என்பது என் கருத்து. இந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையிலாவது ஆதரவு தொடரும் என ஏஎம்டி அறிவித்துள்ளது. இதில் டிடிஆர்5 வகை ராம் மட்டுமே பொருந்தும் என்பதால் தொடக்கச் செலவு சற்றுக் கூடும். தவிர, எஃப் என முடியும் செயலிகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டும்.

போர்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மிக மலிவான போர்டுகளின் மின்வழங்கல் பகுதி, பின்னாளில் பொருத்தும் வலுவான செயலியின் சுமையைத் தாங்காமல் அதன் வேகத்தைக் குறைத்துவிடக்கூடும். போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள செயலி ஆதரவுப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். மாற்றும் நாளில், பழைய செயலியைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.