மரபணுத் தரவில் இயற்கைத் தேர்வைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனித மரபணு வேறுபாட்டுத் தரவை இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் 2015 வெளியீட்டில் மட்டும் 26 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 2504 பேர் இருக்கிறார்கள். இறக்கி, செல்ஸ்கேன் மாதிரி ஒரு மென்பொருளில் ஐஎச்எஸ் (ஓர் இடத்தின் பழைய, புதிய வடிவங்களைச் சுற்றியுள்ள டிஎன்ஏ எவ்வளவு நீளத்துக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்று ஒப்பிட்டு, அண்மைக்காலத் தேர்வை ஊகிக்கும் எண்) கணக்குப் போட்டால் வரைபடத்தில் நாலைந்து இடம் உயர்ந்து நிற்கும், உடனே இங்கெல்லாம் இயற்கைத் தேர்வு நடந்திருக்கிறது என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்த உச்சிகளில் பல, கோப்பைத் திறந்ததும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதால் வருபவை.

முதலில் இட எண். வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க உதவும் ஆர்எஸ்4988235 என்ற மாறுபாட்டை (ஆளுக்கு ஆள் டிஎன்ஏ எழுத்து மாறும் ஓர் இடம்) எடுத்துக்கொள்வோம். இது இரண்டாம் குரோமோசோமில், மனித ஜீனோமின் பொதுக் குறிப்பு வரிசையான ஜிஆர்சிஎச்சின் 37ஆம் பதிப்பில் 13,66,08,646ஆவது இடத்திலும் 38ஆம் பதிப்பில் 13,58,51,076ஆவது இடத்திலும் இருக்கிறது. 2015 வெளியீடு 37இல், நோமேட் என்ற இன்னொரு மரபணு வேறுபாட்டுத் தரவுத்தளத்தின் நான்காம் பதிப்பு 38இல். இரண்டையும் இட எண்ணை வைத்து இணைத்தால் பெரும்பாலானவை பொருந்தாது, தற்செயலாகப் பொருந்துகிற சில வேறு மாறுபாடுகளாக இருக்கும். லிஃப்ட்ஓவர் என்ற கருவியால் இட எண்களை மாற்றிய பிறகும் குறிப்பு எழுத்து (குறிப்பு வரிசையில் அந்த இடத்தில் இருக்கும் எழுத்து) சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அதே மாறுபாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் இது சி, டி என்று வரும். தரவுத்தளத்தில் ஜி, ஏ. இரண்டும் சரிதான். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஏவுக்கு எதிரே டி, சிக்கு எதிரே ஜி நிற்கும், இந்த மாறுபாடு இருக்கும் மரபணு எதிர் இழையில் வாசிக்கப்படுகிறது, அவ்வளவே. இங்கே இழையைக் கண்டுபிடித்துவிடலாம். ஏ/டி, சி/ஜி ஜோடிகளில் எதிர் இழையிலும் அதே இரண்டு எழுத்துகள்தான் வரும் என்பதால், வெவ்வேறு மூலங்களை இணைக்கும்போது அவற்றை நீக்கிவிடுவதே நல்லது.

அப்புறம், குறிப்பு எழுத்தே மூதாதை எழுத்து (மாற்றம் நடக்கும் முன் இருந்த பழைய எழுத்து) என்று நினைப்பது. தோல் நிறத்தோடு தொடர்புள்ள ஆர்எஸ்1426654இல் குறிப்பு எழுத்து ஏ, ஆனால் அதுதான் பின்னால் தோன்றிய வடிவம். மூதாதை வடிவம் ஜி. இதைத் தலைகீழாகக் கொடுத்தால் ஐஎச்எஸ் மதிப்பின் குறியே மாறிவிடும். பிளிங்க் 1.9 என்ற மரபணுத் தரவு மென்பொருள் வேறு, சொல்லாவிட்டால் குறைவாகக் காணப்படும் எழுத்தை முதல் எழுத்தாக மாற்றி வைத்துவிடும். இதே மாறுபாடு ஐரோப்பியரிடம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பரவிவிட்டது, அதனால் அங்கே ஐஎச்எஸ் காட்டாமல் போனதை வைத்து தேர்வே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு இரண்டு குழுக்களை ஒப்பிடும் எக்ஸ்பி-இஎச்எச் என்ற அளவீடுதான் பொருத்தம்.

மாதிரிகள் யாருடையவை என்றும் பாருங்கள். ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் குஜராத்தி மாதிரிகள் ஹூஸ்டனிலும், தெலுங்கு, இலங்கைத் தமிழ் மாதிரிகள் பிரிட்டனிலும் எடுக்கப்பட்டவை. அவை ஒரு நாட்டின் சராசரி ஆகாது. பின்னர் வந்த 3202 பேர் தொகுப்பில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே இருக்கிறார்கள், அலீல் (மாறுபாட்டின் ஒவ்வொரு வடிவம்) விகிதம் கணக்கிடும் முன் உறவினரை நீக்குங்கள். குறிப்பிட்ட இடங்களை மட்டும் படிக்கும் சிப் தரவில், அரிய மாறுபாடுகளையும் பரவலானவற்றையும் எடைபோட்டுத் தேர்வைத் தேடும் டஜிமா டி போடவே வேண்டாம். சிப்பில் இருப்பவை ஏற்கெனவே பொறுக்கி எடுத்த, பரவலான மாறுபாடுகள், அரியவை இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

மக்கள்குழு அமைப்பை, அதாவது வம்சாவளியால் குழுக்களுக்கு இடையே ஏற்கெனவே இருக்கும் வேறுபாட்டைச் சரியாகக் கழிக்காதது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு உயரம் பற்றிய ஆய்வுகளே சாட்சி. ஐரோப்பாவில் உயரத்தின் மீது வலுவான தேர்வு நடந்ததாகப் பல ஆய்வுகள் சொல்லிவந்தன. 2019இல் யூகே பயோபேங்க் என்ற பிரிட்டனின் பெரிய மரபணு, உடல்நலத் தொகுப்பின் தரவை வைத்துப் பார்த்தபோது அந்தச் சமிக்ஞை பெருமளவு சுருங்கிப்போனது.

இன்னொன்று, மேலே நிற்கும் 1 சதவீதத்தை மட்டும் வெட்டி எடுத்து அதைச் சான்றாக வைப்பது. தேர்வே நடக்காத தரவிலும் மேல் 1 சதவீதம் இருக்கத்தான் செய்யும். எம்எஸ்பிரைம் மென்பொருளில் தேர்வு இல்லாத மக்கள்தொகை வரலாற்றை உருவகப்படுத்தி, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால், வட, மேற்கு ஐரோப்பிய வம்சாவளியினரின் மாதிரித் தொகுப்பான சிஇயுவில், தேர்வு நடந்தது ஏற்கெனவே தெரிந்த பால் செரிமான மரபணுப் பகுதியை ஓட்டிப் பாருங்கள். அங்கே உச்சி வரவில்லை என்றால் புதிய இடங்களைத் தேடுவதை நிறுத்திவிட்டு கோப்புகளுக்குத் திரும்புங்கள்.