பழைய காரில் வைப்பர் ஓடவில்லையா? ஒயரிங்கைச் சோதிக்கும் முறை

வைப்பர் நின்றுவிட்டால் மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டி அதைக் கழற்றத் தொடங்குவதே பலரும் செய்யும் முதல் தவறு. நாற்பது, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த காரில் மோட்டாரைவிட, அதற்கு மின்சாரம் வந்து சேர்ந்து திரும்பும் பாதைதான் பெரும்பாலும் பழுதடைந்திருக்கும். மோட்டாரைக் கழற்றுவது அரை நாள் வேலை. பாதையைச் சோதிக்க மல்டிமீட்டரும், 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்துச் செய்த டெஸ்ட் லாம்பும் போதும். ஆனால் மிகப் பழைய கார்கள் சிலவற்றில் வைப்பர், எஞ்சினின் உறிஞ்சு குழாயில் உண்டாகும் வெற்றிடத்தால் இயங்கும். அவற்றில் தேட வேண்டியது ரப்பர் குழாயின் வெடிப்பை, ஒயரை அல்ல.

மின்சாரத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் இயந்திரப் பகுதியை விலக்கிப் பார்க்க வேண்டும். மோட்டாரிலிருந்து வைப்பர் கைகளுக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றிவிட்டு, கைகளைத் தாங்கும் தண்டுகள் தாராளமாகத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். பழைய கிரீஸ் மெழுகைப் போல இறுகிப்போய்த் தண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். சில நிமிடங்கள் ஓடி நின்றுவிட்டு, ஆறிய பிறகு தானாக ஓடும் மோட்டாரில் பெரும்பாலும் வெப்பத்தைத் தடுக்கும் உள்ஸ்விட்ச் வேலை செய்திருக்கும். அதற்குக் காரணம் இந்த இறுக்கம்தான். பிரிட்டிஷ் கார்களில் பரவலாக வந்த, லூகாஸ் என்ற மின்பாக நிறுவனத்தின் 14டபிள்யூ மோட்டார், இணைப்பைக் கழற்றிய நிலையில் மெதுவான வேகத்தில் ஏறத்தாழ 1.5 ஆம்பியரும், வேகமான நிலையில் 2 ஆம்பியரும்தான் இழுக்க வேண்டும். அதைவிட வெகு அதிகமாக இழுத்தால், குறை மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது ஃபியூஸ். கண்ணாடி ஃபியூஸின் உள்ளே கம்பி முழுதாகத் தெரிந்தாலும், அதன் தொப்பிக்கும் அதைப் பிடிக்கும் கிளிப்புக்கும் நடுவே பச்சைக் களிம்பு படிந்திருக்கலாம். கழற்றி, மெல்லிய உப்புத்தாளால் இரண்டையும் பளிச்சென்று தேய்த்து மாட்டுங்கள். லூகாஸ் ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், அது ஃபியூஸ் உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் மட்டுமே. இன்று விற்கப்படும் பெரும்பாலான கண்ணாடி ஃபியூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணை மட்டும் பார்த்து 35 ஆம்பியர் புது ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், இக்னிஷனைத் திறந்து, வைப்பர் ஸ்விட்சைப் போட்டு, மோட்டார் முனையில் மின்னழுத்தம் பார்க்க வேண்டும். இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றும். ஒருமுறை மோட்டாரிலிருந்து கழற்றிய ஒயர் முனையில் என் மீட்டர் 12.4 வோல்ட் காட்டியது, ஒயரை மாட்டினால் மோட்டாரோ அசையவில்லை. அதே இடத்தில் டெஸ்ட் லாம்பை வைத்தபோது பல்பின் இழை மங்கலாகச் சிவந்ததோடு சரி. ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வந்ததில், புல்லட் இணைப்புக்கு (குண்டு வடிவ முனையைக் குழலில் செருகும் இணைப்பு) இரண்டு விரற்கடை தள்ளி மேலுறை மட்டும் கொழகொழவென்று வளைந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைத்தூளாகி, ஓரிரு இழைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. மீட்டர் இழுக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு அந்த இழைகள் போதும், மோட்டாருக்குப் போதாது. எனவே சுமை ஏற்றாமல் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

சுமையோடு அளக்கும் முறை எளிது. மோட்டாரை ஓடவிட்டு (ஓடாவிட்டாலும் ஒயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டபடியே), மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும், மற்றொன்றை மோட்டாருக்கு மின்சாரம் நுழையும் முனையிலும் வையுங்கள். 12 வோல்ட் காரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வழியில் எங்கோ மின்னழுத்தம் விரயமாகிறது. பிறகு மோட்டாரின் எர்த் முனைக்கும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற 6 வோல்ட் கார்களில் இதே இழப்பு இருமடங்காக வலிக்கும். என் அனுபவத்தில் தோற்பது பெரும்பாலும் எர்த் பக்கம்தான். பல மோட்டார்கள் ரப்பர் மெத்தைமேல் அமர்ந்திருப்பதால் காரின் உடல் வழியாக எர்த் கிடைக்காது, தனி ஒயர்தான் கதி. புதிதாகப் பெயின்ட் அடித்த காரில் அந்த ஒயரின் திருகுக்கு அடியில் பெயின்ட் இருந்தால், அழகான கார், ஓடாத வைப்பர். இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டுத் திருகை முடுக்குங்கள்.

வைப்பர் ஓடினாலும், நிறுத்தும்போது குழப்பம் செய்தால், தானே ஓரத்தில் வந்து நிற்பதற்கான பார்க் ஸ்விட்ச் பக்கம் போக வேண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும், மோட்டாரின் பற்சக்கரத்தோடு சேர்ந்த இந்தச் சிறு ஸ்விட்ச், கைகள் ஓரத்தை அடையும்வரை மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். அடைந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, அதே ஒயரை எர்த்தோடு இணைக்கும். அப்படி இணைந்ததும் மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சரே பிரேக்காகி மோட்டார் அந்த இடத்திலேயே நிற்கிறது. அணைத்த இடத்திலேயே பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டால், பார்க் ஸ்விட்சுக்கு வரும் மின்சாரமோ அதிலிருந்து செல்லும் ஒயரோ அறுந்திருக்கிறது. காய்ந்த கண்ணாடியில் ஒழுங்காக நின்று, மழையில் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் எர்த் தொடுமுனை வேலை செய்யவில்லை: பிரேக் இல்லாததால் வழுக்கும் கண்ணாடியில் கைகள் ஓரத்தைத் தாண்டிப்போய் மீண்டும் மின்சாரத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

லூகாஸ் ஒயரிங்கில் பச்சை ஒயரில் வருவது ஃபியூஸ் வழியாக வரும் மின்சாரம், கறுப்பு ஒயர் எர்த். சிவப்பில் இளம்பச்சைக் கோடு மெது வேகம், நீலத்தில் இளம்பச்சைக் கோடு அதிக வேகம், பழுப்பில் இளம்பச்சைக் கோடு பார்க். ஜெர்மன் கார்களில் முனைகளுக்கு எண் உண்டு: 53 மெது வேகம், 53பி அதிக வேகம், 53ஏ பார்க்குக்கான மின்சாரம், 31 எர்த். ஒரு வேகம் மட்டும் செத்திருந்தால் அந்த ஒயரையும், அந்த வேகத்துக்காக மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷையும் பார்த்தால் போதும்.

பழைய ஒற்றை வேக மோட்டார்கள் சிலவற்றில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அவற்றில் ஸ்விட்ச் ஒயர் எங்காவது உரசி உடலைத் தொட்டால் ஃபியூஸ் போகாது. இக்னிஷனைத் திறந்ததும் வைப்பர் தானாக ஓடும். 1967 வரை வந்த எம்ஜிபி போன்ற பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். அங்கே மேலே சொன்ன அளவுகளை முனை மாற்றி எடுக்க வேண்டும்.

ஒயரை மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய ஒயரின் தடிமனுக்குக் குறையாத ஒயரை அதே நிறத்தில் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு அடுத்த மழைக்காலத்துக்கான கோளாறு. எல்லாம் மாட்டிய பிறகு, கண்ணாடியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இரண்டு வேகத்திலும் பத்து நிமிடம் ஓட்டி, ஐந்தாறு முறை வெவ்வேறு இடத்தில் அணைத்து, கைகள் ஒவ்வொரு முறையும் ஓரத்துக்கே திரும்புகின்றனவா என்று பாருங்கள்.