லினக்ஸில் டயல்-அப் மோடம் வேலை செய்யவில்லையா?

முதலில் மோடம் எந்த வகை என்று பாருங்கள். சீரியல் கேபிளில் இணையும் வெளி மோடத்துக்கு டிரைவரே தேவையில்லை; விண்டோஸில் காம்1 என்ற போர்ட்டின் பெயர் இங்கே டிடிஒய்எஸ்0 (ttyS0), காம்2 என்பது டிடிஒய்எஸ்1 (ttyS1). யூஎஸ்பி மோடம் பெரும்பாலும் டிடிஒய்ஏசிஎம்0 (ttyACM0) ஆக வரும்.

தலைவலி கொடுப்பது கணினிக்கு உள்ளே செருகும் பிசிஐ மோடம் கார்டுகள்தான். இவற்றில் பல 'வின்மோடம்'. சிக்னலைக் கையாளும் வேலையை கார்டு செய்யாமல் பிராசஸரிடம் தள்ளிவிடும். அதனால் சிப்புக்கு ஏற்ற டிரைவர் இல்லாமல் அசையாது. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையில் சிப் தயாரிப்பாளர் பெயர் தெரியும். ஸ்மார்ட்லிங்க் என்றால் எஸ்எல்மோடம்டி (slmodemd) என்ற டிரைவர். அதைக் கம்பைல் செய்ய, லினக்ஸின் மையமான கெர்னலின் அதே பதிப்புக்குரிய ஹெடர் கோப்புகள் வேண்டும். கெர்னலைப் புதுப்பித்ததும் மோடம் காணாமல் போனால் காரணம் இதுதான்: டிரைவர் மாட்யூல் பழைய கெர்னலுக்கானது, அதைப் புதிய கெர்னலுக்கு மறுபடி கம்பைல் செய்யுங்கள். பழைய டிரைவர் புதிய கெர்னலில் கம்பைல் ஆகாமல் அடம்பிடித்தால், மல்லுக்கட்டுவதைவிட வெளி சீரியல் மோடம் வாங்குவதே மேல்.

மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் (minicom) நிரலில் ஏடி (AT) என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே வந்தால் டிரைவர் சரி. 'பெர்மிஷன் டினைட்' வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் (dialout) என்ற பயனர் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். 'நோ டயல்டோன்' என்றால், லைனில் டோன் கேட்கிறதா பார்த்துவிட்டு, டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயலின் (wvdial) அமைப்பில் ஏடிஎக்ஸ்3 (ATX3) என்ற கட்டளையைச் சேர்த்துவிடுங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

இணைப்பு கிடைத்தும் பக்கம் திறக்கவில்லையா? ஈதர்நெட்டின் டீஃபால்ட் ரூட் (இணையத்துக்குப் போகும் வழக்கமான பாதை) குறுக்கே நிற்கலாம். டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபிடி (pppd) அதைத் தானாக மாற்றாது. அதை நீக்கிவிட்டு மறுபடி டயல் செய்யுங்கள்.