போனில் ஒரு பழைய பாட்டு

தனியாக வசிக்கும் அம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ போன் செய்தால், "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" முடிந்ததும் ஒரு பழைய பாட்டின் முதல் வரியைப் பாடிவிட்டு, அடுத்த வரியை அவர்களிடம் கேளுங்கள். எந்தப் பாட்டு? பிறந்த வருடத்தோடு 15 முதல் 25 வரை கூட்டிப் பாருங்கள். 1948-இல் பிறந்தவருக்கு 1963 முதல் 1973 வரை வந்த பாட்டுகள்.

இளவயதில் மனதில் பதிந்தவைதான் முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன. மறதி நோய் தொடங்கியவர்களுக்குக்கூட மெட்டும் வரியும் பெரும்பாலும் தங்கியிருக்கும். நலம் விசாரித்தால் பதில் சொல்வதோடு சரி. பாட்டு என்றால் அவர்கள் நமக்குச் சொல்லித் தருகிறார்கள், அந்த உற்சாகம் குரலிலேயே தெரியும். அப்புறம் எந்தத் தியேட்டர், யாரோடு போனோம் என்று பேச்சு தானாக நீளும். குரல் நன்றாக இல்லையே என்று தயங்க வேண்டாம்.

காது மந்தமானவர்களுக்குப் போனில் பாட்டு சரியாகக் கேட்காது. அவர்களிடம் பாட்டுக்குப் பதிலாக, நேரில் போகும்போது நோட்டில் ஒரு புள்ளிக் கோலம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். துணையைச் சமீபத்தில் இழந்தவர் என்றால், பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பசியும் தூக்கமும் கெட்டு வாரக்கணக்கில் சோர்ந்திருந்தால் பாட்டு போதாது, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.